ஐம்பது நாள் மழை

விழுப்புரம், திண்டிவனம் என்றதும் 'வறண்ட சீமை' என்ற பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. கத்திரி வெயில், செம்மண் புழுதி, ஏரி உள்வாயில் மண்டிய வேலிக்காத்தான், பிழைப்புக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறும் ஜனம்: இந்தப் பக்கத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இவற்றைத் தாண்டுவதில்லை. மழைமானியின் கணக்கோ வேறு. இந்தச் சமவெளியில் ஆண்டுக்குச் சராசரியாக 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. எந்நேரமும் தூறிக்கொண்டே இருக்கும் என்று பேரெடுத்த லண்டனில் பெய்வது சுமார் 600 மி.மீ. அமெரிக்காவின் வட சமவெளியில், குளிர்காலம் முழுக்க நிலம் உறைந்து கிடக்கும் வடக்கு டகோட்டாவில், பெரும்பாலான இடங்களுக்கு 350 முதல் 550 மி.மீ.தான் கிடைக்கிறது, அதை வைத்தே அங்கே கோதுமை விளைந்து குவிகிறது. அதைப்போல் இரு மடங்கு மழை பெறும் மண்ணுக்கு வறண்ட சீமை என்ற பெயர் எப்படி வந்தது? மழையின் அளவைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. அது எத்தனை நாளில் பெய்கிறது, பெய்த நீரை யார், எங்கே நிறுத்திவைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்தக் கேள்வியோடு இந்தச் சமவெளியின் பழைய கதையைப் படித்தால், வானத்தின் மேல் நாம் சுமத்தும் பழியில் பெரும்பங்கு மனிதர்களின் ஏற்பாட்டைச் சேர்ந்தது என்பது தெரியவரும்.

ஒரு நாளில் 2.5 மி.மீ.யாவது பெய்தால்தான் வானிலைத் துறை அதை மழை நாள் என்று எண்ணும். அப்படிப்பட்ட நாள்கள் இங்கே ஆண்டுக்கு ஐம்பதைச் சுற்றித்தான் வருகின்றன. அந்த ஐம்பதிலும் ஒரு சில நாள்களே ஆண்டு மழையில் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டுப் போய்விடும். வடக்கு டகோட்டாவில் மழையின் பெரும்பங்கு பயிர் நிற்கும் கோடை மாதங்களில் பெய்கிறது. பனியாக விழுந்தது வசந்தத்தில் உருகி மண்ணுக்குள் இறங்குகிறது. குளிரில் நீர் ஆவியாவதும் குறைவு. அங்கத்திய உழவர் அஞ்சுவது உறைபனி விழும் தேதிக்கு. நம் பக்கம் அந்தத் தொல்லை இல்லை. தை மாதத்து இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். எந்த மாதம் நட்டாலும் நெல் வளரும். பயிருக்கு எல்லை போடுவது நீர் ஒன்றே. மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் இந்த வெயிலில், திறந்து கிடக்கும் ஏரி ஓர் ஆண்டில் காற்றுக்குக் கொடுக்கும் நீர், அதன்மேல் பெய்யும் மழையை விட அதிகம். ஆக, இங்கே வேளாண்மை என்பது ஐம்பது நாள் வரவை வைத்து முந்நூற்று அறுபத்தைந்து நாளை ஓட்டும் கலையாகத்தான் இருந்திருக்க முடியும்.

இந்த வரவும் ஒரே தவணையில் வருவதில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்தை விட இங்கே தென்மேற்குப் பருவத்தின் பங்கு கூடுதல். மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பருவத்தின் நேரடி மழையைத் தடுத்துவிட்டாலும், ஜூன் முதல் செப்டம்பர் வரை பகலெல்லாம் காய்ந்த நிலத்தின்மேல் மாலையில் கடல்காற்று ஏறிவந்து மோதும்போது இடிமழை கிளம்புகிறது. ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படித்தான் வருகிறது. மீதியில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும், வங்கக் கடலின் தாழ்வழுத்தங்களோடு சேர்ந்து வருகிறது. முதல் தவணை புஞ்சைக்கு, இரண்டாவது நஞ்சைக்கு என்று ஊர் பிரித்துக்கொண்டது. ஆடியில் மானாவாரியாகக் கம்பு, கேழ்வரகு, பின்னாளில் மல்லாட்டை என்னும் வேர்க்கடலை. ஐப்பசி மழையை நம்பிச் சம்பா. ஏரியில் நின்ற நீரைக் கொண்டு மார்கழி, தையில் நவரை. அதற்கும் மேல் நீர் மிஞ்சினால் சித்திரையில் சொர்ணவாரி. நெல் அறுத்த ஈரத்திலும் தை மாதப் பனியிலுமே உளுந்து விளைந்துவிடும். எந்தப் போகம் எத்தனை ஏக்கர் என்பதை, கார்த்திகை முடிவில் ஏரியில் நின்ற நீரின் மட்டத்தைப் பார்த்து ஊர் முடிவு செய்தது. பஞ்சாங்கம் சொன்ன நாளுக்கும் மேலான அதிகாரம் அந்த மட்டத்துக்கு இருந்தது.

வானம் கொட்டுவதும் பிறகு கைவிடுவதும் நம் காலத்துப் புதுமை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. பழைய பதிவுகள் அதை ஏற்பதில்லை. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தபோது உடனிருந்த பீம்சேன் சக்சேனா, 1692ஆம் ஆண்டின் மழையில் இந்தப் பிரதேசம் முழுவதும் ஒரே ஏரியாகத் தெரிந்ததையும், தானிய விலை ஏறிப் படைவீரர்கள் பட்ட பாட்டையும் எழுதிவைத்திருக்கிறார். வறண்ட சீமை என்று நாம் சொல்லும் அதே மண்தான் அது. 1749 ஏப்ரலில், பருவமே அல்லாத மாதத்தில், கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டைக்கு அருகே வீசிய புயலில் 'நாமூர்' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் 500க்கும் மேற்பட்ட மாலுமிகளோடு அழிந்தது. 1761 புத்தாண்டு இரவில் புதுச்சேரியை வளைத்து நின்ற ஆங்கிலேயக் கப்பற்படையைப் புயல் சிதறடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சுமார் 251 ஆண்டுகள் கழித்து, 2011 டிசம்பர் 30 அன்று, 'தானே' புயல் கரையேறியதும் அதே வாரத்தில், அதே கரையில்தான். சராசரி என்ற எண் இவற்றையெல்லாம் ஒன்றாகக் கலந்து சமப்படுத்திவிடுகிறது. இங்கே வாழ்ந்தவர்கள் சராசரியை நம்பி எதையும் கட்டவில்லை; மிகைக்கும் குறைக்கும் சேர்த்தே கட்டினார்கள்.

அந்தக் கட்டுமானம்தான் ஏரி. சங்க காலத்தில் இந்தப் பகுதி ஓய்மானாடு. அதன் தலைவன் நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, கடற்கரை எயிற்பட்டினத்திலிருந்து முல்லை நிலத்தையும் மருத வயல்களையும் கடந்து செல்லும் பாதையைக் காட்டுகிறது. அது பெயர் சொல்லும் கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. ஓரிரு நாள் நடைக்குள் உப்பங்கழியும் புதர்க்காடும் நெல்வயலும் மாறி மாறி வரும் நிலம் இது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை; தென்பெண்ணையும், செஞ்சியிலிருந்து வரும் சங்கராபரணியும், தொண்டியாறும் மழை நின்ற சில வாரங்களில் மணலாகிவிடும். நிலத்தடியை நம்பவும் வழியில்லை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டிலும் தளவானூரிலும் குடைந்த பாறை எவ்வளவு கெட்டியானதோ, அதே கெட்டிப் பாறைதான் செஞ்சி, திண்டிவனம் பக்கத்து வயல்களுக்கும் அடியில் கிடக்கிறது. அதன் வெடிப்புகளில் தங்கும் நீர் கொஞ்சம். எனவே நீரைத் தரைக்கு மேலேயே நிறுத்த வேண்டியிருந்தது. மேற்கே மலையிலிருந்து கிழக்கே கடல் நோக்கி மெல்ல இறங்கும் சரிவில், நீர் ஓடும் போக்குக்குக் குறுக்கே வில்லாக வளைத்து மண் கரை போட்டார்கள். மேல் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனால் அந்த நீர் கீழ் ஏரிக்கு வரத்து. அது நிரம்பினால் அதற்கும் கீழே. கடைசி ஏரி வழிந்தால் கழுவெளிச் சதுப்பு நிலத்துக்கோ கடலுக்கோ. தனித்தனி ஏரிகளாக நம் கண்ணுக்குத் தெரிபவை ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

ஏரியில் வானிலை அறிவு எங்கே குடியிருந்தது என்பதைக் கலிங்கைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். மிகை நீர் வழியும் அந்தக் கல் கட்டின்மேல் முழங்கால் உயரக் கற்களை இடைவெளி விட்டு வரிசையாக நட்டிருப்பார்கள். பருவம் கனத்துப் பெய்யும்போது இடைவெளிகள் திறந்தே கிடக்கும். வெள்ளம் தடையில்லாமல் போகும். மழை ஓயப்போகிறது என்று தெரியும்போது அந்த இடைவெளிகளை மண்ணும் வைக்கோலும் கொண்டு அடைப்பார்கள். அடைத்தால் ஏரி இன்னும் ஓரடி, ஒன்றரையடி கூடுதலாகப் பிடிக்கும். பரந்த ஏரியில் அந்த ஓரடி பல ஏக்கர் நவரைக்குப் போதும். அவசரப்பட்டு அடைத்த பின் ஒரு புயல் வந்தால் கரை உடைந்து கீழேயுள்ள ஊரெல்லாம் மிதக்கும். அடைக்கத் தயங்கினால் ஒரு போகம் கடலுக்குப் போய்விடும். என்றைக்கு அடைப்பது என்று முடிவெடுத்தவர்கள் கிழக்கே மேகத்தையும், காற்று திரும்பிய திசையையும், மேல் ஏரியின் நிலையையும் பார்த்து எடுத்தார்கள். தவறினால் நட்டமும் அவர்களுக்கே. பராமரிப்புக்கான வழியும் இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் ஏரிப்பட்டி, ஏரியைக் காக்கவென்று விடப்பட்ட நிலம். தூர் வார ஊரே கூடியது. கோடையில் வாரிய வண்டல் வண்டியேறி வயலுக்கு எருவாகப் போனது.

புஞ்சைக்கு விடை பின்னால், கடல் கடந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் வேர்க்கடலை வேண்டியிருந்தது. அதை ஏற்றி அனுப்பும் துறைமுகம் புதுச்சேரி. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் தென்னார்க்காட்டு மல்லாட்டைக்குக் கடல் வரை நேர்வழி கிடைத்தது. இந்தப் பயிர் இங்கே வேரூன்றியதற்குச் சந்தையோடு வானிலையும் காரணம். நூறு நாளைச் சற்றே தாண்டும் ஆயுள், இளகிய செம்மண், நடுவில் பதினைந்து இருபது நாள் மழை இல்லாவிட்டாலும் தாங்கும் வேர்: மாலை இடிமழையின் ஒழுங்கற்ற வரவுக்கு இதைவிடப் பொருந்தும் பயிர் அரிது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940இல் வந்த டி.எம்.வி. 2 என்ற கொத்துக் கடலை ரகம், மாநில எல்லை தாண்டி ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல பத்தாண்டுகள் வயலை ஆண்டது. திண்டிவனத்தின் பெயரைத் தாங்கிய அந்த ரகம், நிச்சயமில்லாத மழைக்கு ஏற்பப் பயிரைத் தேர்ந்தெடுக்கும் பழைய புத்திக்கு நவீன விஞ்ஞானம் செய்த உபகாரம்.

ஏரி ஏற்பாடு ஏன் நொடித்தது? கம்பெனி ஆட்சியின் ரயத்துவாரி முறையில் வரி தனித்தனி உழவர்மீது விழுந்தது. ஏரி சர்க்கார் சொத்தானது. பராமரிப்புக்கென்று இருந்த பழைய மானியங்கள் தேய்ந்தன. நஞ்சைத் தீர்வையை வசூலிப்பதில் காட்டிய கறாரைக் கரையைப் பலப்படுத்துவதில் அரசு காட்டவில்லை. ஊர் தானாகச் செய்துவந்த குடிமராமத்தை 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு வாங்க முயன்றதே, அது அதற்குள் தளர்ந்துபோனதற்குச் சாட்சி. தாது வருஷப் பஞ்சம், அதாவது 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சம், சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற பிறகுதான் 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. அந்தப் பஞ்சத்தில் கூலிக்கு மண் வெட்டிய கைகள் பக்கிங்ஹாம் கால்வாயையும் வெட்டின. அதன் தென்கோடி மரக்காணத்தில் முடிகிறது. சீரமைப்புத் திட்டம் ஏரிகளை அளந்தது, வரைபடம் போட்டது, கலிங்கு நீளத்தைக் கணக்கிட்டது. அந்த வேலையின் மதிப்பைக் குறைக்க முடியாது. ஆனால் என்றைக்கு அடைப்பது, என்றைக்குத் திறப்பது என்ற பொறுப்பு, மேகத்தைப் பார்க்கிறவரிடமிருந்து கோப்பைப் பார்க்கிறவரிடம் போய்ச் சேர்ந்தது.

விடுதலைக்குப் பின் மேலே அணையும் கீழே கிணறும் வந்தன. 1958இல் சாத்தனூர், அடுத்த ஆண்டு சங்கராபரணியும் தொண்டியாறும் சேரும் இடத்தில் வீடூர். வீடூர் அணையின் கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலுமாக 3,200 ஏக்கருக்குப் பாசனம். இந்த எண்ணை 2024 நவம்பர் 30 இரவோடு வைத்துப் பார்க்கலாம். ஃபெஞ்சல் புயல் கரையேறி நகராமல் நின்றபோது, வீடூருக்குப் பக்கத்து மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 51 செ.மீ. கொட்டியது. அந்த அளவு மழை 35 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில் விழுந்து ஒரு சொட்டும் வீணாகாமல் ஓடிவந்தால் போதும், காலி அணை ஒரே நாளில் நிரம்பிவிடும். ஆற்றின் நீர்ப்பிடிப்போ அதைவிடப் பல மடங்கு பெரியது. இந்த மழைக்கு ஓர் அணை ஈடு கொடுக்காது. ஆயிரம் இடங்களில் சிறிது சிறிதாகப் பிடித்து, வேகத்தை உடைக்கும் ஏரித் தொடரே ஈடு கொடுக்கும். அதே வாரம் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டு, அரசூர் பக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை நீரில் மூழ்கியது. ஏரி இருந்த இடத்தில் எழுந்த விழுப்புரம் புதிய பேருந்து நிலையம் கனமழைக்கெல்லாம் குளமாவதற்கும் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. நீர் தன் பழைய உள்வாய்க்குத் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் உண்டு. மூன்றிலும் சத்து இருக்கிறது. முதலாவது, ஏரிக்காலம் பொற்காலம் அல்ல என்பது. உண்மைதான். தலைமதகில் நிலம் வைத்திருந்தவருக்குத் தண்ணீர் முதலில் போனது; கடைமடைக்காரர் மிஞ்சியதை வாங்கிக்கொண்டார். கரைக்கு மண் சுமந்தவர்களில் பெரும்பாலோர் சேரிகளைச் சேர்ந்தவர்கள். அந்த நீரில் விளைந்த நெல்லில் அவர்களுக்கு உரிமை இருந்ததில்லை. 'ஊரே கூடித் தூர் வாரியது' என்ற இனிய சொல்லுக்குப் பின்னால் கூலியில்லா வேலையும் இருந்தது. பஞ்சமும் ஏரிகள் இருந்தபோதே வந்தது; 1876இல் வானமே பொய்த்தபின் எந்தக் கலிங்கை அடைத்து என்ன பயன்? ஆனால் இவையெல்லாம் ஏரியை யார் ஆண்டார்கள் என்பதன்மேல் விழும் குற்றங்கள். நீரைச் சங்கிலியாகத் தேக்கும் முறையின் பொருத்தத்தை இவை அசைப்பதில்லை. பழைய அதிகாரத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வது ஒன்று, பழைய பொறியியலைப் புதிய உரிமைகளோடு நடத்தச் சொல்வது வேறொன்று.

இரண்டாவது மறுப்பு, கிணறும் போர்வெல்லும் அந்த அடிமைத்தனத்தை உடைத்தன என்பது. தலைமதகுக்காரரின் தயவை எதிர்பாராமல் கடைமடை உழவர் தன் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் இறைத்தார். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானதும் சிறு உழவரும் கரும்பு நட்டார். இந்த விடுதலையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் கெட்டிப் பாறையின் வெடிப்புக்குள் நீர் எங்கிருந்து வருகிறது? மேலே ஏரியில் நின்ற நீர் ஊறித்தான் இறங்குகிறது. தன் கிணறு வந்தபின் ஏரியின்மேல் அக்கறை போனது. வரத்து வாய்க்கால் தூர்ந்தது. உள்வாயில் பட்டாவும் வீடும் வந்தன. ஏரி நிற்காததால் கிணறு வற்றியது. வற்றியதால் போர் இன்னும் ஆழம் போனது. கடற்கரையை ஒட்டிய மணற்கல் பகுதிகளில் ஆழம் போவதன் விலை உப்புநீர். ஆக, கிணறும் ஏரியும் ஒன்றுக்கொன்று மாற்று என்று எண்ணியதில்தான் பிழை. கிணறு ஏரியின் மறுபாதி.

மூன்றாவதும் பலமானதுமான மறுப்பு, வானிலையே மாறிவிட்டது, பழைய ஏரிகள் இனி உதவா என்பது. 2015இல் தென்னார்க்காட்டுக் கரை வெள்ளத்தில் மூழ்கியது. அந்த நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. பெய்தது. அடுத்த ஆண்டே வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதும் அறுபது விழுக்காட்டுக்கு மேல் பொய்த்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. சூடேறும் கடல் அதிக ஈரத்தைக் காற்றுக்குக் கொடுக்கிறது. குறைந்த நேரத்தில் அதிகம் பெய்யும் நாள்கள் கூடுகின்றன என்பது இன்று விஞ்ஞானிகள் ஏற்ற உண்மை. ஆனால் இந்த மாற்றம் நம்மை எங்கே கொண்டுபோகிறது? மழை இன்னும் குறைந்த நாள்களில் குவிவதை நோக்கி. பழைய ஏரிகள் எதற்காகக் கட்டப்பட்டனவோ அதே நோய் முற்றுகிறது. அப்போது மருந்தின் அளவைக் கூட்ட வேண்டும். கரையும் கலிங்கும் 51 செ.மீ. நாளுக்கு ஏற்ப மறுகணக்குப் போடப்பட வேண்டும். மருந்தைத் தூக்கி எறிய அது காரணமாகாது.

அரசும் இதை அறியாமல் இல்லை. 2003இல் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே தூர்வாரும் திட்டம் வந்தது. 2021இல் கழுவெளி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கழுவெளி சங்கிலியின் கடைசிக் கண்ணி என்பதால் அந்த அறிவிப்புக்குப் பறவைகளைத் தாண்டிய பொருளும் உண்டு. மேலே உள்ள ஏரிகள் நீரைத் தாமதப்படுத்தி அனுப்பினால்தான் அது கோடை வரை உயிரோடிருக்கும். பக்கத்து மரக்காணம் உப்பளங்களில் பாத்தி கட்டி உழைப்பவர்களுக்கும் திடீர் வெள்ளம் குறையும். ஆனால் இந்தத் திட்டங்கள் ஒவ்வொன்றும் ஓர் ஏரியை, ஒரு வீட்டை, ஒரு சதுப்பு நிலத்தைத் தனியாக எடுத்துப் பார்க்கின்றன. ஓர் ஏரியைத் தூர் வாரிவிட்டு அதன் வரத்து வாய்க்காலை அடைத்து நிற்கும் மனைப்பிரிவை விட்டுவைத்தால் ஆழமான காலிக் குழிதான் மிஞ்சும். மேல் ஏரியின் கோடி நீர் கீழ் ஏரிக்குப் போகும் பாதையை அளந்து, அதன்மேல் எந்தக் கட்டடமும் வராமல் காப்பதே முதல் வேலை. தூர் வாருவது இரண்டாவது.

மாவட்டத்தின் மழையை 1,000 மி.மீ. என்ற ஒற்றை எண்ணாக எழுதுவதை விட்டு, எத்தனை நாளில், எவ்வளவு வேகத்தில், எந்த ஏரிக்கு மேலே என்று எழுதத் தொடங்கினால் திட்டமும் அதற்கேற்ப மாறும். கோடிகளையும் மதகுகளையும் இயக்கும் முடிவில், நிலமுள்ளவர்களோடு நிலமற்றவர்களும் மீன் பிடிப்பவர்களும் இருக்கும் கிராம அளவிலான குழுவுக்குச் சட்டப்படி இடம் வேண்டும். வானிலைத் துறையின் முன்னறிவிப்பு அவர்கள் கைக்குப் போக வேண்டும். பீம்சேன் காலத்துக் கிராமத்தாருக்கு மேகம் மட்டுமே தகவல். நமக்குச் செயற்கைக்கோளும் ரேடாரும் இருக்கின்றன. அவர்களை விட நன்றாகச் செய்ய எல்லாம் நம்மிடம் இருக்கும்போது, வறண்ட சீமை என்று மண்ணைப் பழிப்பது நிர்வாகத்துக்கு வசதியான சாக்கு. இந்தச் சமவெளிக்கு வானம் தரவேண்டியதை இன்றும் தந்துகொண்டுதான் இருக்கிறது. வாங்கி வைக்கும் பொறுப்பை யார் ஏற்பது என்பதே தீராத வழக்கு.